கௌரவக் கொலை என்று தேடுகிறவருக்கு யார் பதில் சொல்வது?

2025 ஜூலை 27ஆம் தேதி பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 27. சென்னையில் ஐடி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வேறு சாதிப் பெண்ணுடனான காதலே காரணம் என்பது வழக்கு.

நான் குடியிருக்கும் கேளம்பாக்கத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் என்று ஓ.எம்.ஆர். நெடுக உள்ள ஹாஸ்டல்களிலும் வாடகை வீடுகளிலும் இருப்பவர்கள் கவினைப் போன்றவர்கள்தான். ஊரைவிட்டு வந்து, படிப்பை வைத்து ஒரு வேலையில் உட்கார்ந்தவர்கள். அவர்களிலும் சாதி கடந்து காதலிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாரம் கைப்பேசியில் எதையோ தேடியிருப்பார்கள். என்ன சொல்லைத் தட்டியிருப்பார்கள்? தேடியபோது யார் கிடைத்திருப்பார்கள்? இவை சாதி ஒழிப்பு அரசியலின் கேள்விகள் என்று நான் நினைக்கிறேன்.

வார இறுதிகளில் சில படிப்பு வட்டங்களுக்கும் சிறு அமைப்புகளுக்கும் யூடியூபில் காணொளி ஏற்றித் தருகிறேன். என்னிடம் வரும் கோப்புகளில் பலவற்றுக்கு ஒரே மாதிரி தலைப்பு: 'சாதி ஒழிப்புக் கருத்தரங்கம் – சிறப்புரை – பாகம் 2'. இரண்டு மணி நேரப் பேச்சு. விவரம் எழுத வேண்டிய டிஸ்கிரிப்ஷன் பகுதி காலி. தம்ப்நெயிலில் பேச்சாளர் மைக் முன்னால் கண்மூடி நிற்பார். அந்தப் பேச்சுக்குள் நாற்பதாவது நிமிடத்தில், காதலர்களுக்கு உயிர்காக்கும் சட்டத் தகவல் இருக்கும். ஆனால், இந்தத் தலைப்பைத் தேடி வரக்கூடியவர் அந்தக் கூட்டத்துக்கு ஏற்கெனவே வந்திருந்தவர் மட்டும்தான்.

தலைப்பு, தம்ப்நெயில், டிஸ்கிரிப்ஷன் என்று பேச ஆரம்பித்தாலே சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'அதெல்லாம் வியூஸ் பிடிக்கிற வேலை, தோழர். கருத்து இருந்தா போய்ச் சேரும்' என்கிறார்கள். கருத்து தானாகப் போய்ச் சேரும் என்று நம் முன்னோர் யாரும் நம்பவில்லை. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். வசைச்சொல்லாக வீசப்பட்ட பெயரையே முகப்பில் போட்டார். அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே தலைப்பில் இருந்தது. கையில் ஒரு பைசா வைத்திருப்பவருக்கு அது தன்னுடைய பத்திரிகை என்று அந்தப் பெயரே சொல்லிவிடும். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. இருக்கும் வழிகள் நமக்கு அடைக்கப்படும். அதனால் போய்ச் சேரும் வழியையும் நாமேதான் போட வேண்டும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

நம் காலத்துக்கு வருவோம். மலம் அள்ளும் தொழிலாளர்கள் பற்றி திவ்யபாரதி எடுத்த ஆவணப்படம் 2017இல் வந்தது. திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது. படம் யூடியூபில் ஏறியது. அரங்குகளுக்கு வர வாய்ப்பே இல்லாதவர்களும் பார்த்தார்கள். அந்தப் படத்தின் பெயர் 'கக்கூஸ்'. சொல்லக் கூசும், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒற்றைச் சொல். 'கையால் மலம் அள்ளும் தொழிலாளர் நிலை – ஓர் ஆய்வு' என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. நாம் 'ஆணவக் கொலை' என்கிறோம். 'கௌரவக் கொலை' என்ற சொல்லில் கொலைகாரனுக்குக் கௌரவம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே இயக்கங்கள் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன. இன்று பல பத்திரிகைகளும் நம் சொல்லைப் பயன்படுத்துகின்றன. ஆனால், இரவு ஒரு மணிக்கு ஹாஸ்டல் அறையில் பயத்தோடு தேடும் பெண்ணுக்கு நம் அகராதி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் 'கௌரவக் கொலை' என்றே தட்டலாம். 'வேற சாதி கல்யாணம் ரிஜிஸ்டர் பண்றது எப்படி' என்று தட்டலாம். அதையும் ஆங்கில எழுத்தில் தட்டலாம்.

அதற்காக நம் சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை. தலைப்பில் நம் சொல் இருக்கட்டும். டிஸ்கிரிப்ஷனின் முதல் இரண்டு வரியில் அவர்கள் சொல் இருக்கட்டும்: 'செய்திகளில் கௌரவக் கொலை என்று எழுதப்படும் ஆணவக் கொலைகள் பற்றி' என்று ஒரு வாக்கியம் போதும். தேடி வந்தவர் தன் சொல்லோடு உள்ளே நுழைந்து நம் சொல்லோடு வெளியே போவார். மலக்குழி மரணங்களுக்கும் இதுதான். 'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி' என்று செய்தி எழுதுவார்கள். வாயுதான் கொன்றது, இறக்கிவிட்டவர் யாரும் இல்லை என்பதுபோல. 1993க்குப் பிறகு பதிவான இத்தகைய மரணங்களில் நாட்டிலேயே அதிகம் தமிழ்நாட்டில்தான் என்று அரசுக் கணக்கே சொல்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. தேடி வரும் மனைவிக்கோ தம்பிக்கோ இந்தத் தொகை முதல் வரியிலேயே கண்ணில் பட வேண்டாமா?

காதலர்களுக்கான காணொளியின் கீழே என்ன எழுதலாம் என்று சொல்கிறேன். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தால் 30 நாள் நோட்டீஸ் உண்டு. அது அலுவலகத்தில் ஒட்டப்படும், எனவே வீட்டுக்குத் தெரிய வாய்ப்பு இருக்கிறது. இருவரும் சட்டப்படி இந்துக்கள் என்றால், அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவு இருக்கிறது. அதற்கு ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிரட்டல் இருக்கும் இணையர்களுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஐந்தாறு வரிதான். இதை எழுத அரை மணி நேரம் ஆகும்.

மற்றவை எளிய வேலைகள். யூடியூப் 2012லேயே, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு அதிக எடை கொடுக்கத் தொடங்கியது. நம் கூட்டங்களோ வரவேற்புரை, பொன்னாடை, 'மேடையில் வீற்றிருக்கும்' என்று பத்து நிமிடம் போன பிறகே விஷயத்துக்கு வருகின்றன. அதற்குள் பார்ப்பவர் போய்விடுவார். முழுப் பேச்சும் ஆவணமாக அப்படியே இருக்கட்டும். அதன் டிஸ்கிரிப்ஷனில் 00:00 என்று தொடங்கி, எந்த நிமிடத்தில் எதைப் பேசுகிறார்கள் என்று குறைந்தது மூன்று நேரக் குறிப்பு கொடுத்தால், காணொளி பகுதிகளாகப் பிரிந்து நிற்கும். முக்கியமான எட்டு நிமிடத்தைத் தனியாக வெட்டி, தனித் தலைப்போடு ஏற்றலாம். தம்ப்நெயில் கைப்பேசியில் இரண்டு விரல் அகலம்தான் தெரியும்; நான்கு சொல்லுக்கு மேல் அதில் யாரும் படிக்க முடியாது. சப்டைட்டில் கோப்பைச் சேர்த்தால் காது கேளாதவர்களுக்கும் நம் பேச்சு போய்ச் சேரும். டேக் போடும் இடத்தில் நடிகர் பெயர்களை அடுக்குவதில் பயனில்லை. காணொளியைக் கண்டுபிடிக்க வைப்பதில் டேக்கின் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே சொல்கிறது. சம்பந்தமில்லாத பெயர்களைப் போடுவது அதன் விதிக்கும் எதிரானது.

இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறார்கள். 'ஆண்ட பரம்பரை' பாட்டுக்கு ஸ்லோமோஷன், பைக் ஊர்வலம், அரிவாள் தம்ப்நெயில், ஒவ்வொன்றிலும் சாதிப்பெயரில் ஹேஷ்டேக். ஒருவர் அதை முழுதாகப் பார்த்தால், எந்திரம் அதேபோல் இன்னொன்றை நீட்டும். சாதியின் பெயரால் ஒரு குழுவை உயர்ந்தது என்று சொல்லிப் பாகுபாட்டை நியாயப்படுத்தும் காணொளிகளுக்கு இடமில்லை என்று 2019 ஜூனில் யூடியூப் தன் விதியில் சேர்த்தது. விதியில் 'சாதி' என்ற சொல் இருப்பது நல்லதுதான். ஆனால், பதினொன்றாம் வகுப்புப் பையனின் கைப்பேசிக்கு அந்தப் பாட்டு இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அதற்காக அவர்கள் செய்வதையெல்லாம் நாமும் செய்ய முடியாது. தாக்கியவர்களின் சாதியைச் செய்தியில் சொல்ல வேண்டும், மறைப்பது பொய். ஆனால், சாதிப்பெயரைத் தூண்டிலாக ஹேஷ்டேக்கில் போடுவது வேறு. அது வெறி பிடித்தவர்களைத்தான் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் காணொளிக்குக் கீழே இழுத்து வந்து நிறுத்தும். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்ட சிசிடிவி காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஓட்டின. ரத்தம் இருந்தால் சொடுக்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கொல்லப்பட்டவரின் உடல், கதறும் தாயின் முகம், பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம், தப்பி ஓடிய இணையர் இருக்கும் இடம் – இவற்றில் எதுவும் நம் தம்ப்நெயிலில் வரக் கூடாது. பார்வை பாதியாகக் குறைந்தாலும் வரக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காணொளிகளுக்குக் கீழே விழும் வசைகளை யாரோ ஒருவர் படித்து நீக்குகிறார். பெரும்பாலும் அது அமைப்பிலேயே இளையவர், தலித் இளைஞர். தன் சாதிப்பெயரோடு எழுதப்பட்ட கெட்ட வார்த்தைகளை நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து படிப்பது வேலை என்றே கணக்கில் வருவதில்லை. தடை செய்ய வேண்டிய சொற்களின் பட்டியலை யூடியூபில் சேர்த்துவைக்க முடியும். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் சேர்த்து வையுங்கள். பின்னூட்டங்களைப் பார்த்த பிறகே வெளியாகும்படி நிறுத்தி வையுங்கள். அந்த வேலையை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதில் ஒருவராவது தலித் அல்லாத தோழராக இருக்கட்டும். பத்து ஆண்டு உழைப்பு ஒரே நாளில் மறையாமல் இருக்க, மூலக் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கில் தனியாக வையுங்கள்.

கூட்டம் நடத்தினால் செலவுக் கணக்கு எழுதுகிறோம். ஷாமியானா, மைக் செட், நாற்காலி, டீ, துண்டறிக்கை. அதன் கீழே இன்னொரு வரி சேருங்கள்: காணொளி ஏற்றுதல், மூன்று மணி நேரம், இரண்டு தோழர்கள். பொறுப்பாளர் பெயரையும் எழுதுங்கள். கூட்டத்துக்கு நூறு பேர் வந்திருப்பார்கள். வர முடியாமல், வெளியே சொல்லவும் முடியாமல், ஏதோ ஒரு அறையில் தேடிக்கொண்டிருப்பவருக்கான செலவு இந்த வரி.