உடைந்ததா, உடைத்தானா?

தரையில் ஒரு கண்ணாடித் தம்ளர் சிதறிக் கிடக்கிறது. 'உடைந்தது' என்று சொன்னால் அது தானாக நடந்த நிகழ்ச்சி. 'உடைத்தான்' என்றால் அது ஒருவன் செய்த காரியம். உருண்டது, உருட்டினான், திரும்பியது, திருப்பினான். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும்.

ஒரு மொழியைப் புதிதாக உருவாக்கியவரும் இந்த வித்தியாசத்தை விட்டுவிடவில்லை. இன்றைய போலந்தில் உள்ள பியாலிஸ்டாக் நகரில் பிறந்த கண் மருத்துவர் ஜாமென்ஹோஃப், 1887-இல் எஸ்பெராண்டோ மொழியை வெளியிட்டார். ரஷ்யன், போலிஷ், ஜெர்மன், இத்திஷ் என்று பல பாஷைகள் புழங்கிய ஊர் அது. எஸ்பெராண்டோவில் 'ரோம்பிஸ்' என்றால் உடைத்தான். 'இஜ்' சேர்த்து 'ரோம்பிஜிஸ்' என்றால் உடைந்தது. 'புருலிஸ்' என்றால் எரிந்தது. 'இக்' சேர்த்து 'புருலிகிஸ்' என்றால் எரித்தான். எல்லோருக்கும் பொதுவான இரண்டாம் மொழியாகச் சீக்கிரம் கற்க வேண்டும் என்பதற்காகச் செய்த சிக்கனம் இது. அதை நான் பாராட்டுகிறேன்.

ஆனால் வெளியூரில் வாழும் நம் வீட்டுத் தமிழும் இப்போது இதே பாதையில் போகிறது. 'டேமேஜ் ஆயிடுச்சு', 'டேமேஜ் பண்ணிட்டான்'. 'ஸ்டார்ட் ஆச்சு', 'ஸ்டார்ட் பண்ணு'. 'ஆகு' நமக்கு 'இஜ்' ஆகிவிட்டது. 'பண்ணு' நமக்கு 'இக்' ஆகிவிட்டது. தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா என்பது இதிலும் தெரிகிறது. காணாமல் போவது வினைச்சொற்கள்தான்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ரயில் பாதையில் வேலை பார்த்தவனுக்கு அது தெரியும். தண்டவாளம் தேய்ந்ததா, விரிசல் விட்டதா, வெயிலில் நெளிந்ததா, துருப்பிடித்ததா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பரிகாரம் வேறு. 'டேமேஜ் ஆயிடுச்சு' என்ற தகவலை வைத்துக்கொண்டு ஒரு போல்ட்டைக்கூட முடுக்க முடியாது. வீட்டிலும் அப்படித்தான். கயிறு அறும், துணி கிழியும், பொத்தான் பிய்யும், அப்பளம் நொறுங்கும். என்ன நடந்தது, எப்படி நடந்தது இரண்டையும் தமிழ் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

பிறமொழிச் சொல்லே கூடாது என்பது என் கட்சியல்ல. சிக்னல், பாயிண்ட், கிராஸிங் இல்லாமல் நான் ஒரு நாள்கூட உத்தியோகம் பார்த்திருக்க முடியாது. பெயர்ச்சொற்கள் வந்தால் வரட்டும். வினைச்சொற்களைக் கைவிட வேண்டாம். பிள்ளைகளிடம் 'க்ளோஸ் பண்ணு' என்று சொல்லாமல் கதவைச் சாத்து, டப்பாவை மூடு, குடையை மடக்கு என்று சொல்லுவோம். இதற்குத் தனி வகுப்பு வேண்டாம்; நம் வாய் போதும்.