எந்தக் கருகல்னு யார் சொல்றது?

"தக்காளிக்கு இவ்வளவு மருந்து அடிக்கணுமா?" நகரத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. அடிக்கிறது உண்மைதான். ஆனா ஆசைக்கு யாரும் அடிக்கலை. ஒவ்வொரு டப்பாவும் கைக்காசு. எதுக்கு அடிக்கிறோம்னு தெரியாம அடிக்க வேண்டியிருக்கு, அதுதான் பிரச்சினை.

மருந்துக் கடையில எல்லாமே 'கருகல்'தான். அடி இலையில வட்டத்துக்குள்ள வட்டமா பழுப்புப் புள்ளி விழுந்து மேலே ஏறினா, அது முன்பருவ இலைக்கருகல். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை செய்யுற வேலை. குளிரும் தூறலும் சேர்ந்த நாள்ல, வெந்நீர் ஊத்தின மாதிரி இலை கறுத்து, விடியக்காலையில அடிப்பக்கம் வெள்ளையா பூத்திருந்தா பின்பருவக் கருகல். அதுக்குக் காரணம் பைட்டோப்தோரா. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அது பூஞ்சை இனமே இல்லை. கார்பென்டாசிம் அதை ஒண்ணும் செய்யாது. ஆனாலும் கேட்டவுடனே அந்த டப்பாவைத்தான் எடுத்து நீட்டுறாங்க.

நோய் பேர் தெரிஞ்சாலும் போதாது. பைட்டோப்தோராவுக்குள்ளேயே பல வகை உண்டு. 2009-10ல் தென்னிந்தியத் தக்காளி வயல்களை நாசம் பண்ணினது, அதுக்குச் சில வருஷம் முன்னாடி ஐரோப்பாவில் பரவின 13_ஏ2 என்ற வகை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் மரபணுவை ஆராய்ந்து சொன்ன விஷயம் இது. மெட்டலாக்சிலுக்கு அந்த வகை அசையாது. ஆராய்ச்சிக் கட்டுரை 2013ல் வந்தது. ராயக்கோட்டை விவசாயிக்கு அதைத் தமிழ்ல யார் போய் சொன்னாங்க?

"நோய் தாங்குற ரகம் போடுங்க, மருந்தே வேண்டாம்" என்பார்கள். அர்கா ரக்ஷக் நல்ல ரகம்தான்; இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூணையும் தாங்கும். பின்பருவக் கருகல் அந்தப் பட்டியல்ல இல்லை. ரகத்தைத் தேர்ந்தெடுக்கவும் எதிரி யாருன்னு தெரியணுமே!

ஐரோப்பாவில் 'யூரோபிளைட்' என்ற கூட்டமைப்பு இருக்கு. நோய் வந்த இலையை ஒரு அட்டையில நசுக்கித் தேய்ச்சு, காய வச்சு, தபால்ல போடுவாங்க. ஆய்வுக்கூடத்துல மரபணு பார்த்து, எந்த வகை எங்கே இருக்குன்னு எல்லாரும் பார்க்கிற வரைபடமா போடுறாங்க. அந்த அட்டையை அனுப்ப ஐஸ் பெட்டிகூட வேண்டாம். நம்ம கிராமத் தபால்பெட்டிக்கு அது போதும்.

நாங்க கேட்கிறதும் அவ்வளவுதான். ஓசூர், ராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம், உடுமலை பக்கமெல்லாம் பருவத்துக்குப் பருவம் இலை எடுத்துப் பாருங்க. இந்த வருஷம் எந்த வகை, எந்த மருந்து கேட்காதுன்னு பத்து நாளைக்குள்ள தமிழ்ல சொல்லுங்க. இதன் வித்து காத்துல வருது, நாத்து டெம்போவுல வருது. தகவல் மட்டும் மூணு வருஷம் கழிச்சு இங்கிலீஷ்ல வந்தா யாருக்கு என்ன பிரயோஜனம்?

தட்டுல விஷம்னு கோபப்படுற நண்பர்களே, அந்தக் கோபம் நியாயம்தான். அதைத் தெளிப்பான் தூக்குறவன்கிட்ட காட்டாம, இந்தத் தகவலைக் கேட்டு எங்களோட சேர்ந்து குரல் கொடுங்க.