விவசாயி வீட்டுப் பொண்ணு சினிமா படிச்சா என்ன குத்தம்?

சொர்ணவாரி நடவு முடிந்து களையெடுப்பும் ஆகிவிட்டது. கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கும்போதே மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மகள் டிகிரி முடித்துவிட்டாள். மேற்கொண்டு சினிமா, டெலிவிஷன் சம்பந்தமாகப் படிக்கணும் என்கிறாள். காலாப்பட்டில் நம்ம புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலேயே மின்னணு ஊடகத்துக்கு ஒரு துறை இருக்கிறது. பாகூரில் பஸ் ஏறி, டவுனில் ஒரு பஸ் மாறினால் போய்ச் சேரலாம். இது காதில் விழுந்ததுமே சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டு புத்திமதி சொல்கிறார்கள். எல்லாவற்றையும் வடிகட்டிப் பார்த்தால் மூன்று கேள்விதான் மிஞ்சுகிறது.

முதல் கேள்வி: "சினிமாவெல்லாம் படிச்சா வருமா? பாரதிராஜா எந்தக் காலேஜ்ல படிச்சாரு?"

வாஸ்தவம்தான். அல்லிநகரத்தில் இருந்து போனவர், சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவர், புட்டண்ணா கனகல் மாதிரி ஆட்களிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்று, 1977இல் '16 வயதினிலே' எடுத்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த வழி எப்படிப்பட்டது என்று யோசித்தீர்களா? கோடம்பாக்கத்தில் ரூம் எடுத்து, சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல், வருஷக்கணக்கில் ஒருத்தர் பின்னாலேயே அலைய வேண்டும். அதற்கு ஊரில் இருந்து பணம் அனுப்ப ஆள் வேண்டும். ராத்திரி எந்நேரமானாலும் தனியாகத் திரும்பி வர தைரியமும் வேண்டும். ஆம்பளைப் பிள்ளைக்கே இது இந்தப் பாடு. ஒரு கிராமத்துப் பெண்ணை அனுப்பச் சொல்வீர்களா?

தமிழ் சினிமாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் பி.ஆர்.விஜயலட்சுமி. அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்துவிட்டு 1985இல் 'சின்ன வீடு' படத்துக்குத் தனியாக கேமரா பிடித்தார். அவர் திறமையில் எனக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது. ஆனால் அவருடைய அப்பா யார்? 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்த பி.ஆர்.பந்துலு. சினிமா அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எங்க வீட்டுக்குள்ளே இருப்பது நெல்லு மூட்டையும் யூரியா மூட்டையும்தான்.

நான் யூனிவர்சிட்டி பக்கம் நிற்பது இதனால்தான். அங்கே அப்ளிகேஷன் போடலாம், நுழைவுத்தேர்வு எழுதலாம். உங்க அப்பா எந்தப் படத்தின் புரொடியூசர் என்று ஹால் டிக்கெட்டில் கேட்க மாட்டார்கள். மட்டக்களப்புப் பக்கத்து அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, கடல் தாண்டி வந்து புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளியே வந்தார். பி.சி.ஸ்ரீராம் சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரி. 1986இல் தமிழ்நாட்டையே பயமுறுத்திய 'ஊமை விழிகள்' அந்தக் கல்லூரியில் படித்த பையன்கள் சேர்ந்து எடுத்த படம். படித்தால் வராது என்று இனிமேலும் சொல்வீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். எங்க அப்பா பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல்தான் விவசாயம் பண்ணினார். அதற்காக காரைக்கால் வேளாண் கல்லூரியை இழுத்து மூடச் சொல்வீர்களா? குருமாம்பேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுப்பதால் நான் பரம்பரை விவசாயி இல்லை என்று ஆகிவிடுமா? அனுபவமும் வேணும், படிப்பும் வேணும். சினிமாவுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

இரண்டாவது கேள்வி: "வேலை கிடைக்குமா?"

கேரண்டி கிடையாது. மறைக்க மாட்டேன். நம்ம பொட்டானிக்கல் கார்டனில் 'லைஃப் ஆஃப் பை' எடுத்தாரே ஆங் லீ, அவர் தைவானில் ஒரு ஹெட்மாஸ்டரின் பிள்ளை. பையன் சினிமா பக்கம் போனது அந்த அப்பாவுக்கும் பிடிக்கவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்து முடித்த பிறகு சுமார் ஆறு வருஷம் வேலையில்லை. மனைவி சம்பாதிக்க, இவர் வீட்டில் சமையல் செய்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கதை எழுதிக்கொண்டிருந்தார். தைவான் அரசு நடத்திய திரைக்கதைப் போட்டியில் ஜெயித்த பிறகுதான் கதவு திறந்தது. அப்புறம் ஆஸ்கர் வாங்கியது உலகத்துக்கே தெரியும்.

எல்லோரும் ஆங் லீ ஆக முடியாதுதான். ஆனால் கேமரா, சவுண்டு, லைட்டிங், எடிட்டிங் எல்லாம் கைத்தொழில். டிவி சேனலுக்கும் வேண்டும், விளம்பரத்துக்கும் வேண்டும், கல்யாணத்துக்கும் வேண்டும். எங்க ஊரிலேயே இன்ஜினியரிங் முடித்துவிட்டு சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துவிட்டபோது யாரும் கேரண்டி கேட்கவில்லை. அறுவடை நேரத்தில் ஒரு புயல் அடித்தால் ஆறு மாச உழைப்பு தண்ணியில். கேரண்டி இல்லாத பிழைப்பு எங்களுக்கு ஒன்றும் புதுசு இல்லை.

மூன்றாவது கேள்விதான் என்னை ரொம்ப உறுத்தியது: "விவசாயி பிள்ளைக்கு எதுக்குங்க சினிமா?"

சார், கேமரா யார் கையில் இருக்கிறதோ அவர் பார்க்கிறதுதான் ஊர் என்று ஆகிவிடுகிறது. புதுச்சேரி என்றால் உங்கள் கண்ணுக்கு என்ன வருகிறது? ஒயிட் டவுன் மஞ்சள் சுவர், பீச் ரோடு, காந்தி சிலை. பாகூர் ஏரி எத்தனை படத்தில் வந்திருக்கிறது? அதன் மதகு, கரும்பு ஏற்றி வரும் டிராக்டர், விடிகாலையில் நடவுக்கு வருகிற பெண்கள் — இவர்களும் புதுச்சேரிதானே? படத்தில் கிராமம் வந்தாலும் நடவுப் பாட்டு ஓடும்போது பின்னால் கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்கும். தியேட்டரில் நாங்கள் சிரிப்போம். நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள்.

மூணு வருஷத்துக்கு முன்னே ஒரு காலேஜில் இருந்து விவசாயம் பற்றி டாக்குமென்டரி எடுக்கப் பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஏரி நிரம்பிக் கிடக்கிறது, சம்பா பொதி கட்டி நிற்கிறது. என்னை வரப்பில் உட்கார வைத்து, "ஐயா, நெத்தியில கை வெச்சு வானத்தைப் பாருங்க, சோகமா" என்கிறார்கள். "தம்பி, இந்த வருஷம் நல்ல மழைப்பா. என் பிரச்சினை விலை. அதைக் கேளு" என்றேன். அது அவர்கள் ஸ்கிரிப்டில் இல்லையாம். என் அண்ணன் மகள் கேமரா பிடித்திருந்தால் என்னை வானத்தைப் பார்க்கச் சொல்லியிருக்க மாட்டாள். நெல்லுக்கு விலை பேச வருகிற வியாபாரியின் முகத்தைப் பார்த்திருப்பாள்.

எங்கள் பிள்ளைகள் இதைப் படிக்கணும் என்றால் அரசுக் கல்வி நிலையத்தில், கட்ட முடிகிற கட்டணத்தில் இடம் வேண்டும். லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் இடங்கள் எங்களுக்கு ஆகாது. 1985இல் தொடங்கிய நம்ம பல்கலைக்கழகத்தில் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடம் சில படிப்புகளுக்கு மட்டும்தான். எல்லாப் படிப்புக்கும் கொடுங்கள் என்று மாணவர்கள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்து வருகிற பிள்ளைக்கு இங்கிலீஷ் சுவரைத் தாண்ட முதல் வருஷம் தனி வகுப்பு வையுங்கள். டவுன் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் சேருங்கள்: நாற்று விட்டதில் இருந்து அறுப்பு வரை ஒரு போகம் முழுக்க ஒரு ஊரில் தங்கணும். சாப்பாடு நாங்கள் போடுகிறோம்.

நகரத்து நண்பர்களே, உங்கள் பிள்ளை விஸ்காம் படித்தால் "கிரியேட்டிவ்" என்கிறீர்கள். எங்கள் பிள்ளை படித்தால் "கெட்டுப் போயிடும்" என்கிறீர்கள். இரண்டும் ஒரே படிப்புதான். அடுத்த முறை ஒரு கிராமத்துப் பெண் சினிமா படிக்கணும் என்று சொன்னால் புத்திமதி சொல்லாதீர்கள். அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி எது என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த உதவி போதும்.