மூன்று மெய்யும் ஓர் உயிரும்

2024-ஆம் ஆண்டு சூன் 14-ஆம் நாள், வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாசுட்டைச் சேர்ந்த 'நீகேப்' என்னும் மூவர் குழு, இசைக்கூடத்தில் உருவாக்கிய தன் முதல் முழுத்தொகுப்பை வெளியிட்டது. 'பைன் ஆர்ட்' என்பது அதன் பெயர். நுண்கலை என்று பொருள். இசையோ, நியூயார்க்கு நகரின் பிராங்சுப் பகுதியில் கருப்பின இளைஞர் 1973-ஆம் ஆண்டளவில் தோற்றுவித்த இப்-ஆப். தாளக்கட்டின்மேல் எதுகையும் மோனையுமாகச் சொற்களை அடுக்கி விரைந்து பேசிச் செல்லும் அப்பாட்டு முறையைத் தமிழில் சொல்லிசை என்பர். சொல்லிசை இன்று உலகெங்கும் பரவிக் கிடக்க, இவ்வொரு தொகுப்பை மட்டும் எடுத்துப் பேசுவானேன்? ஆங்கில வல்லாண்மையால் அழிவின் விளிம்புவரை தள்ளப்பட்ட ஐரிசு மொழியில் அப்பாடல்கள் ஒலிக்கின்றன என்பதே அதற்கு விடை.

மொழிப்பற்றுடையார் இத்தொகுப்பைக் கேட்டால் முதலில் காதைப் பொத்திக்கொள்வர். வசைச்சொல், குடி, மயக்கப்பொருள், காவலரோடு பூசல் என்று பாட்டுக்குப் பாட்டு அவையே வருகின்றன. குழுவின் பெயரே முழங்காற்சில்லு என்று பொருள்படுவது. வட அயர்லாந்தின் கரவுப்படைகள் மயக்கப்பொருள் விற்போர் முதலியவரை முழங்காலிற் சுட்டுத் தண்டித்த கொடுவழக்கத்தை நினைவூட்டுவது. இவற்றை இளமைத் துடுக்கு என்று சொல்லி மெல்லக் கடந்து போவதற்கில்லை. மயக்கப்பொருளுக்குப் பிள்ளையைப் பலிகொடுத்த தாயர் எந்நகரிலும் உளர். அத்தாயர் முன்னிலையில் இப்பாடல்களைப் புகழ எவர்க்கும் நா எழாது. குற்றம் குற்றமே. ஆயினும், குற்றத்தைக் கண்டதோடு கண்ணை மூடிக்கொள்வோர் அதற்கு அடுத்து நிற்கும் ஒன்றைக் காணாது போவர்.

ஐரிசு மொழி தானே நலிந்ததன்று; நலிவிக்கப்பட்டது. 1737-இல், அயர்லாந்தின் அறமன்றங்களில் ஆங்கிலமன்றிப் பிறிதொரு மொழி வழங்கலாகாது என்று சட்டம் இயற்றினர். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலக்கம் பேர் மாண்டனர். அதனிற் குறையாதோர் கடல் கடந்தனர். ஐரிசு பேசிய மேலைக்கரை ஊர்களே மிகுதியும் வெறுமையுற்றன. பள்ளிகளிலோ, ஐரிசு பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டனர். பேசுந்தோறும் அக்குச்சியில் ஒரு வெட்டு. வெட்டுகளை எண்ணி அதற்கேற்ற அடி. பெற்றோரே இதற்கு இசைந்திருந்தனர் என்பதுதான் கொடுமையிற் கொடுமை! பிள்ளை ஆங்கிலம் கற்றாற்றான் அமெரிக்காவில் பிழைக்கும் என்று நம்பினர். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட 1916-க்கு 24 ஆண்டுகள் முன்னரே, 1892-இல், டக்ளசு ஐடு என்னும் அறிஞர் அயர்லாந்தை ஆங்கிலத் தன்மையினின்று மீட்டாக வேண்டும் என்று முழங்கியது இந்நிலையிற்றான். மறு ஆண்டே அவர் தலைமையில் ஐரிசு மொழிக் கழகம் எழுந்தது. பின்னர் 1938-இல் அவரே அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவருமானார்.

தென்பகுதி விடுதலை பெற்றது. 1937-ஆம் ஆண்டின் அரசியற் சட்டம் ஐரிசை முதல் ஆட்சிமொழி என்றே எழுதிவைத்தது. விளைவு என்ன? 2022-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில், ஐரிசு பேச வல்லோம் என்றவர் 18,73,997 பேர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவோம் என்றவர் 71,968 பேர்! நூற்றுக்கு நால்வர்கூட இல்லை. அரசு அரவணைத்தது, பள்ளி கற்பித்தது, பெயர்ப்பலகை தாங்கியது, தெருவோ கைவிட்டது. தேர்வு எழுதுவதற்கும் விழாவிற்குமாக ஒரு மொழியைத் துடைத்து வைத்துவிட்டு, காதலிக்கவும் சண்டையிடவும் வேறொரு மொழிக்குப் போகும் மக்களை எந்த அரசியற் சட்டம் காப்பாற்றும்?

வடபகுதியின் கதை வேறு. அங்கே அரசின் அரவணைப்பும் இல்லை. 1969-ஆம் ஆண்டு, நகரமே கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த பொழுது, மேற்குப் பெல்பாசுட்டின் 'சாசு' சாலையில் சில குடும்பத்தினர் தாமே நிலம் வாங்கி, தாமே வீடு கட்டி, ஐரிசு மட்டுமே பேசி வாழ்வதென்று குடியேறினர். அவர்களுள் எவரும் செல்வரல்லர். 1971-இல் அவர்கள் தம் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளியில் முதலாண்டு பயின்றோர் ஒன்பது பேர். அரசின் ஏற்பு கிடைத்தது 1984-இல். பதின்மூன்று ஆண்டுகள் பெற்றோர் ஊர் ஊராகத் தண்டிய காசிலும் தம் உழைப்பிலுமே அப்பள்ளி நின்றது. அதே 1984-இல் 'லா' (நாள்) என்னும் ஐரிசு நாளிதழும் அந்நகரில் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர் கெரோது ஓ கேரலான். பள்ளிகளுக்காகவும் வானொலிக்காகவும் உழைத்து, 2024 திசம்பரில் மறைந்தவர். நீகேப் குழுவின் பாடகருள் ஒருவராகிய மோக்லி பாப் என்பார் அவர் மகன். ஆகவே இச்சொல்லிசை காட்டிலே தானே முளைத்த செடியன்று. ஒன்பது பிள்ளைகளுக்காகக் கல் சுமந்த தலைமுறையின் தோட்டத்தில் விளைந்தது; முள்ளோடு விளைந்தது, அவ்வளவே.

குழு பிறந்த கதையும் மொழிப்போரோடு பிணைந்ததே. 2016 திசம்பரில் வட அயர்லாந்தின் அமைச்சர் பால் கிவன், ஏழை மாணவர் ஐரிசு பேசும் ஊர்களிற் சென்று தங்கிக் கற்பதற்கு வழங்கிவந்த 50,000 பவுண்டு நல்கையை நிறுத்தினார். ஓர் அரசின் வரவு செலவில் அஃது உப்புக்கும் காணாத தொகை. நிறுத்தியதன் நோக்கம் சிக்கனம் என்று எவரும் நம்பவில்லை. எதிர்ப்பு மூண்டதும் மறுமாதமே திரும்பத் தந்தனர். ஆயினும் மூண்ட தீ அணையவில்லை. 2017 மே திங்களில் ஆயிரக்கணக்கானோர் செந்நிற உடை பூண்டு மொழிச்சட்டம் கேட்டுப் பெல்பாசுட்டில் அணிவகுத்தனர். அதற்கு முன்னாள் இரவு மோக்லி பாப்பும் நண்பரொருவரும் பேருந்து நிறுத்தமொன்றில் 'கார்த்தா', அதாவது 'உரிமைகள்', என்று வண்ணத்தால் எழுதினர். காவலர் கையிற் சிக்கிய நண்பர் ஆங்கிலம் பேச மறுத்துக் காவற்கூடத்தில் இரவைக் கழித்தார் என்று குழுவினர் சொல்கின்றனர். அந்நிகழ்ச்சியே அவர்தம் முதற் பாட்டாயிற்று. மயக்கப்பொருளும் வசையும் உண்டென்று சொல்லி, ஐரிசு மொழிக்கென்றே நடைபெறும் அரசு வானொலி அப்பாட்டை ஒலிபரப்பாது நிறுத்தியது. மொழிக்காவலர் ஒருபுறமும் மொழிப்பகைவர் மறுபுறமும் இருந்து ஒரே பாட்டை வெறுத்தனர்!

மூவருள் மூன்றாமவர் புரோவி என்பார். மேடையில் மூவண்ணக் கம்பளி முகமூடி அணிந்து இசையை இயக்குபவர். அவர் ஐரிசு கற்பித்த பள்ளியாசிரியர்; மேடையில் ஆங்கில ஆட்சிக்கு எதிரான முழக்கத்தைத் தம் பின்புறத்திலேயே எழுதிக் காட்டியது வெளியானதால் வேலையை விட நேர்ந்தது. பள்ளியாசிரியர்க்கு அஃது அழகாகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் வகுப்பறையில் இலக்கணம் நடத்திய ஒருவர் அம்மொழிக்கு மேடை தேடிப் போனது எண்ணிப் பார்க்கத் தக்கது.

'பைன் ஆர்ட்' தொகுப்பை உருவாக்கத் துணைநின்றவர் தாட்லா டீ என்னும் ஆங்கில இசையமைப்பாளர். 'தி ரட்சு' என்ற கற்பனைக் குடியகம் ஒன்றில் ஓர் இரவு நடப்பதாகத் தொகுப்பு முழுமையும் கோக்கப்பட்டுள்ளது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பேச்சும் சிரிப்பும் நுழைகின்றன. முதற்பாட்டில், அயர்லாந்தின் நாட்டுப்புற இசைக்குழுவாகிய இலங்கத்தைச் சேர்ந்த இரேடி பீட் என்னும் பாடகியின் குரல் ஒலிக்கிறது. பழம்பாட்டின் நெடுங்குரலும் புத்திளைஞரின் கடுஞ்சொல்லும் அங்கே தோளோடு தோள் நிற்கின்றன. 'பார்புல்' என்னும் பாட்டு, கத்தோலிக்க இளைஞரும் சீர்திருத்தக் கிறித்தவ இளைஞரும் பகை மறந்து ஒரே அரங்கில் ஆடிய 1990-களின் இரவுகளைப் பேசுகிறது. மற்றவற்றுட் சில வெறும் கூச்சல்; அவற்றை விடலாம்.

இனிச் சொல்லாக்கத்துக்கு வருவோம். முதற்பாட்டின் பெயர் ஓர் எண்ணும் மூன்று எழுத்துமாகிய குறுக்கம். விரித்தால், 'மூன்று மெய்யும் ஓர் உயிரும்' என்பது பொருள். இது தொல்காப்பியரின் எழுத்ததிகாரத்தில் வரும் தொடர் போலன்றோ இருக்கிறது! உண்மையில் அது எம்.டி.எம்.ஏ. என்னும் மயக்கப்பொருளின் மறைபெயர். அந்நான்கு எழுத்துள் மூன்று மெய், ஒன்று உயிர். கொக்கெயினை மூக்குப்பொடி என்பதற்கு ஐரிசில் வழங்கும் பழஞ்சொல்லால் சுட்டுகின்றனர். குதிரைக்கு மருத்துவர் கொடுக்கும் கெட்டமினைக் 'குட்டிக்குதிரை' என்கின்றனர். பழைய ஐரிசில் இப்பொருள்களுக்குப் பெயரில்லாமையால் தாமே பெயரிட்டுக்கொண்டதாக அவர்களே சொல்லியுள்ளனர். பொருள் இழிந்தது, ஆக்கம் இழிந்ததன்று. குறுக்கம், ஆகுபெயர், உவமையால் பெயரிடல் என்று இலக்கணப் புலவர் வகுத்த வழிகள் அத்தனையும் அங்கே உள்ளன. அவற்றைச் செய்தவர் கலைச்சொற் குழுவினர் அல்லர். தெருவில் நிற்கும் இளைஞர். தம் தீமைக்கும் தாய்மொழியில் ஒரு பெயர் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அவ்விடத்தில் மொழி உயிரோடிருக்கிறது. தமிழ்நாட்டில் 'பேருந்து' என்னும் நற்சொல் எழுத்திலும் அறிவிப்பிலும் வேரூன்றிய பின்னும், நிறுத்தத்தில் நிற்போர் 'பசு' வந்துவிட்டதா என்றுதான் கேட்கின்றனர். புலவர் ஆக்கிய சொல்லைத் தெரு ஏற்பது ஒருபுறமிருக்க, தெருவே சொல் ஆக்கும் நாள் வந்தாலன்றோ மொழிக்கு அச்சம் நீங்கும்?

ஆங்கிலக் கலப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐரிசில் தொடங்கும் அடி ஆங்கிலத்தில் முடிகிறது. ஐரிசுச் சொல்லுக்கு ஆங்கிலச் சொல் இயைபாக வருகிறது. தமிழ்த் திரைப்பாட்டில் ஆங்கிலத்தை வாரிக் கொட்டுவோர் இதனைத் தமக்குச் சான்றாகக் காட்ட விரைவர். அவர்க்கு இதில் இடமில்லை. பெல்பாசுட்டின் தெரு ஆங்கிலத் தெரு. 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, வட அயர்லாந்தில் ஐரிசைத் தம் முதன்மை மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6,000 பேரே. அங்கே ஒரு பாட்டில் பாதி ஐரிசு என்றால், ஆங்கிலம் பிடித்த நிலத்தில் பாதி மீட்கப்பட்டது என்று பொருள். தமிழகத் தெருவில் ஒரு பாட்டில் பாதி ஆங்கிலம் என்றால், தமிழ் நிலத்தில் பாதி பறிபோனது என்று பொருள். ஒன்று மீட்பு, மற்றொன்று இழப்பு. அம்மீட்பும் பாதியோடு நிற்பது போதாது என்பதை அக்குழுவினர்க்கும் சொல்லத்தான் வேண்டும். பாதி நிலம் மீட்டவன் மறுபாதியைப் பகைவனுக்கே பட்டயம் எழுதிக் கொடுப்பதில்லை.

தொகுப்பு வெளிவந்தபின் இசைத் திறனாய்வாளர் பலர் பாராட்டினர். குழுவின் கதையையே வைத்து எடுத்த ஐரிசுத் திரைப்படமும் அவ்வாண்டே அமெரிக்காவின் சண்டான்சு விழாவில் பார்வையாளர் விருது பெற்றது. அதன் இயக்குநர் இரிச்சு பெப்பியட்டோ ஆங்கிலேயர்! வட அயர்லாந்து ஐரிசுக்கு ஏற்பளிக்கும் சட்டம் 2022 திசம்பரிற்றான் நிறைவேறியிருந்தது. 1737-ஆம் ஆண்டுத் தடையை நீக்கவும் அதுவே வழிசெய்தது. ஆயினும் ஆள்வோர் மனம் மாறவில்லை. வெளிநாடுகளில் இசை பரப்பும் குழுக்களுக்குத் தரும் நல்கையாக நீகேப்புக்கு ஒதுக்கிய 14,250 பவுண்டை, தொகுப்பு வெளிவருவதற்கு நான்கு திங்கள் முன்னர், பிரித்தானிய அமைச்சர் கெமி பேடனாக்கு தடுத்து நிறுத்தினார். பிரித்தானிய ஒன்றியத்தையே எதிர்ப்போர்க்கு வரிப்பணம் எதற்கு என்பது அவர் தரப்பு. வரி கட்டுவோருள் ஐரிசு பேசுவோரும் உளர் என்பது அத்தரப்புக்குத் தோன்றவில்லை போலும். குழுவினர் வழக்குத் தொடுத்தனர். ஆட்சி மாறியபின், 2024 நவம்பரில், அம்முடிவு சட்டத்துக்கு மாறானது என்று பெல்பாசுட்டு உயரறமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டு முழுத்தொகையும் கொடுத்தது. அப்பணத்தில் ஒரு காசும் குழுவினர் வைத்துக்கொள்ளவில்லை. சரிபாதியாகப் பிரித்து, மேற்குப் பெல்பாசுட்டில் ஐரிசுவழி இளைஞர் பணி செய்யும் அமைப்பொன்றுக்கும், சீர்திருத்தக் கிறித்தவர் வாழும் பகுதியில் பணிபுரியும் இளைஞர் அமைப்பொன்றுக்கும் கொடுத்துவிட்டனர்.