டி.வி. காட்டும் குணசாலி மனைவி

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நமது புதுவையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். நண்பர் நாற்காலியில் சாய்ந்து டி.வி. பார்த்துக் கொண்டிருந்தார். அதில் ஒரு போதகர், பைபிளில் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தில் வரும் குணசாலி ஸ்திரீயைப் பற்றி முழங்கினார். விடியுமுன் எழுவாளாம், வீட்டாருக்கு ஆகாரம் கொடுப்பாளாம், இரவிலும் விளக்கை அணையாது உழைப்பாளாம். நண்பர் தலையாட்டினார். தையல் வேலை செய்து அக்குடும்பத்தைத் தாங்கும் அம்மாளோ அடுப்படியில் இருந்தார். தம்மைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்கவும் அவருக்கு ஒழியவில்லை!

அந்த அதிகாரத்தை நாமும் படித்திருக்கிறோம். அதே பெண் தானே யோசித்து வயல் வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். துணி நெய்து விற்கிறாள். அவள் உழைப்பின் பலனை அவளுக்கே கொடுக்கச் சொல்லித்தான் அதிகாரம் முடிகிறது. புருஷனோ ஊர்வாசலில் பெரியவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். போதகர் அடுப்பைச் சொல்லிவிட்டு வயலை மட்டும் விழுங்கியதேன்?

கேரளத்துச் சங்கதியைக் கேளுங்கள். 1916-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர்ச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான்! மேரி ராய் என்ற அம்மாள் சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்காடி, 1986-இல்தான் இந்த அக்கிரமம் ஒழிந்தது. அந்த எழுபது வருஷமும் குணசாலியைப் புகழ்ந்தவர்கள் அவள் வயலை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?

இன்னொரு யூத ஞானநூல் சீராக். ஏறக்குறைய 2,200 வருஷங்களுக்கு முன் எருசலேமில் எழுதப்பட்டது. பாவம் பெண்ணால் வந்தது என்றும், பெண் செய்யும் நன்மையைவிட ஆண் செய்யும் தீமையே மேல் என்றும் கூசாமல் சொல்வது. யூதர்கள் இதைத் தம் வேதத்தில் சேர்க்கவில்லை, புராட்டஸ்டண்டுகளும் ஒப்பவில்லை, கத்தோலிக்கருக்கோ இது தேவவாக்கு. மிஷன் வீதிக் கோயிலில் கடவுள் சொன்னது, புராட்டஸ்டண்டு கோயிலுக்குள் போனதும் சொல்லாததாகி விடுமோ? ஒரு வேடிக்கை. காணாமற்போயிருந்த இதன் எபிரேய மூலத்தில் ஒரு தாளை 1896-இல் யாத்திரையில் வாங்கி வந்து கேம்பிரிட்ஜ் பண்டிதரிடம் காட்டியவர்கள், ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள். பெண்களுக்கு 1948 வரை பட்டம் கொடாத சர்வகலாசாலை அது!

இந்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம். 1987-88-இல் தூர்தர்ஷனில் இராமாயணம் காட்டி, சீதையைத் தீயில் இறக்கியபோது கைகூப்பியவர்கள் நீங்கள்தான்.

பிரசங்கம் முடிந்ததும் நண்பரைக் கேட்டோம்: "அம்மாளின் தையற் பணத்தில் வாங்கிய மனை யார் பேரில் இருக்கிறது?"

அவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.