கட்டணம் கட்டிவிட்டோம் என்பதற்காக உண்ண வேண்டுமா?

சென்னைத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். ‘ரஜுலா’வும், அதற்குப் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலும் அவர்களைக் கடல் கடந்து கொண்டு சேர்த்தன. இன்றோ உண்டு, உறங்கி, கடலைக் கண்டு திரும்புவதற்கென்றே அதே துறைமுகத்திலிருந்து பயணங்கள் நடைபெறுகின்றன. கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அக்கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் பயணம் மேற்கொண்டது.

அத்துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், மேட்டுநிலத்தில் இருக்கும் நம் பேரிகை வட்டாரத்தையும் இந்த ஆசை எட்டிவிட்டது. பெங்களூரில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோரின் மணிவிழாவை ஒட்டிக் கப்பல் பயணச்சீட்டு எடுத்துத் தருகிறார்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எங்களிடம் சிகிச்சை பெறுவோர், “கப்பலில் போகலாமா? அங்கே என்ன சாப்பிடுவது?” என்று கேட்கிறார்கள்.

தாராளமாகப் போகலாம் என்பதே எங்கள் விடை. நோய் வந்துவிட்டது என்பதற்காக உலகைக் காண்பதை நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு விடைகளையும் நாங்கள் ஏற்பதில்லை. “நான்கு நாள்தானே, எதையும் பார்க்காதீர்கள்” என்பது ஒன்று. “எதையும் தொடாதீர்கள்” என்பது மற்றொன்று. முதலாவது உடலுக்குத் தீங்கு. இரண்டாவது நடைமுறைக்கு ஒவ்வாதது. இரண்டாம் நாளே கைவிடப்படுவது.

பசியல்ல, கணக்கு

கப்பல் உணவில் தனியாகக் கொழுப்பு ஒன்றும் ஏற்றி வைக்கப்படவில்லை. இட்லி அங்கும் இட்லிதான். வேறுபாடு, பயணக் கட்டணத்திலேயே உணவும் அடங்கிவிடுவதில் இருக்கிறது. பணம் கட்டியாயிற்று, உண்ணாவிட்டால் நட்டம் என்ற எண்ணம் பயணியின் மனத்தில் அமர்ந்துவிடுகிறது. அதன் பிறகு தட்டை நிரப்புவது பசியன்று, கணக்கு. உண்மையில் அந்தப் பணம் கப்பல் ஏறும் முன்பே செலவாகிவிட்டது. நான்காவது குலாப் ஜாமூனை உண்பதால் அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. திரும்பி வருவது இடுப்புச் சுற்றளவில் மட்டுமே.

இரண்டாவது காரணம் உணவு வகைகளின் எண்ணிக்கை. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மீதுள்ள நாட்டம் குறைகிறது. புதிய சுவை ஒன்று வந்தவுடன் நாட்டம் மீண்டும் எழுகிறது. “இனிப்புக்குத் தனி வயிறு உண்டு” என்று நம் வீடுகளில் வேடிக்கையாகச் சொல்வதை உணவியல் ஆய்வுகளும் மெய்ப்பித்துள்ளன. நம் ஊர் வீட்டில் ஓர் இராகிக் களி உருண்டை, அதனோடு கீரைக் கடைசலோ அவரைக்காய்க் குழம்போ வைத்து உண்பவருக்கு ‘போதும்’ என்ற உணர்வு தானே வந்துவிடுகிறது. நாற்பது வகைகள் அடுக்கிய பஃபே மேசையின் முன்னே அவ்வுணர்வு வருவதற்குள் தட்டு மூன்று முறை நிரம்பிவிடுகிறது.

மூன்றாவது, நேரம். வீட்டில் அடுப்பு அணைந்தால் சமையலறை மூடப்படும். கப்பலில் மாலைச் சிற்றுண்டியும் பின்னிரவுத் தின்பண்டமும் தொடர்ந்து கிடைக்கின்றன. தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு நள்ளிரவில் பசிப்பது வழக்கமாகிவிட்டிருக்கும். அவர்கள் கூடுதல் கவனத்துடன் இருத்தல் வேண்டும்.

சிறிய எடைதான், ஆனால் இறங்குவதில்லை

நான்கு நாளில் எவ்வளவு ஏறிவிடும் என்று கேட்கலாம். ஒரு கிலோ கொழுப்பு உடலில் சேரத் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உண்ண வேண்டும். ஆகவே ஊர் திரும்பிய அன்று எடைக் கருவி இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டினால், அதில் பெரும்பகுதி உப்பு மிகுந்த உணவால் உடலில் தேங்கிய நீராகவே இருக்கும். அது சில நாளில் வடிந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும் எடையே உண்மையான கணக்கு.

இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு மட்டும் இந்த ஆறுதல் பொருந்தாது. மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடுவதும், கால் வீங்குவதும், படுத்தால் மூச்சுத் திணறுவதும் அவர்களுக்கு அபாய அறிகுறிகள். ஊர் திரும்பும் வரை காத்திராமல் கப்பலிலேயே மருத்துவரை அணுக வேண்டும். ஊறுகாய், அப்பளம், சூப், சிப்ஸ் ஆகியவற்றை அவர்கள் தவிர்ப்பது நன்று.

மற்றவர்களுக்கு ஆபத்து மெதுவாக வருகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்று முதல் மூன்று வாரம் விடுமுறையில் சென்ற 122 பேரை ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். விடுமுறையில் கூடிய எடை சராசரியாக 300 கிராமுக்குச் சற்றே மேல். அற்பமான அளவுதான். ஆனால் ஆறு வாரம் கழித்தும் அது இறங்கவில்லை. விடுமுறைக்குப் பின் தீபாவளி, அதன்பின் திருமணங்கள், பொங்கல், ஊர்த் திருவிழா என்று நம் ஆண்டு நகர்கிறது. ஆண்டுக்கு அரைக் கிலோ வீதம் தங்கினால் பத்தாண்டில் ஐந்து கிலோ. எந்த ஒரு விருந்தையும் குற்றம் சொல்ல முடியாதபடி தொந்தி வளர்வது இவ்வாறுதான்.

நம் மக்களுக்கு அந்த ஐந்து கிலோ சிறிதன்று. இந்தியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு எளிதில் சேர்கிறது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவைத் தாண்டினாலே எச்சரிக்கை கொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏழு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம்.

தட்டைத் தொடும் முன்

பஃபே மேசையை முதலில் வெறுங்கையுடன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். என்னென்ன உள்ளன என்று அறிந்த பின் தட்டை எடுங்கள். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் அல்லது கோழி, எஞ்சிய கால் பங்கு சோறோ சப்பாத்தியோ இருக்கட்டும். மேசைக்குத் தொலைவில் அமர்ந்து மெதுவாக உண்ணுங்கள். வீட்டில் மூன்று வேளை உண்பவர் கப்பலிலும் மூன்று வேளையே உண்ணலாம்.

இனிப்பை விலக்கச் சொல்லவில்லை. நாளுக்கு ஒன்று, மிகவும் பிடித்த ஒன்று, அதையும் துணைவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். வீட்டிலும் கிடைக்கும் இனிப்பிற்காக அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம். பழச்சாற்றைவிடப் பழமே நன்று. மதுவின் ஒவ்வொரு கிராமும் 7 கலோரி தருகிறது. அதைவிட முக்கியமாக, இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் மது அருந்தினால் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழக்கூடும். தள்ளாடி விழுபவரைப் போதை என்று எண்ணி மற்றவர்கள் விட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

அதிகம் உண்டுவிட்டோம் என்று மாத்திரையை நீங்களே கூட்டிக்கொள்ளாதீர்கள். விருந்து நாள் என்று விட்டுவிடவும் செய்யாதீர்கள். மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும். கடல் ஒவ்வாமையால் வாந்தி எடுத்து உணவு தங்காவிட்டால், மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். இன்சுலினைத் தாமாக முழுதும் நிறுத்தக் கூடாது. இவற்றைப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

‘எம்ப்ரஸ்’ கப்பலில் 11 தளங்கள் உள்ளன. மூட்டும் இதயமும் இடம் கொடுத்தால் மின்தூக்கியை விடுத்துப் படிகளில் ஏறுங்கள். காலையில் மேல்தளத்தில் அரைமணி நேரம் நடப்பதைவிட இனிய நடை வேறெங்கு வாய்க்கும்? ஆயினும் நடந்துவிட்டதால் எல்லாம் கரைந்துவிடும் என்று எண்ணற்க. நடுத்தர எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் நடந்து செலவிடும் ஆற்றலை இரண்டு குலாப் ஜாமூன்கள் ஈடுசெய்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

பயணச்சீட்டு எடுத்துத் தந்த பிள்ளைகள் பலர் உணவு மேசையில் காவலர்களாகிவிடுகிறார்கள். “அப்பா, அதைத் தொடாதீங்க” என்று நான்கு பேர் முன்னிலையில் தடுக்கப்பட்டவர், அதே பண்டத்தைப் பிறகு மறைவாக உண்கிறார். மறைவாக உண்பதற்கு அளவு கிடையாது. மற்றொரு சாரார் அன்பின் மிகுதியால், “இன்னொன்று எடுத்துக்கோங்கம்மா” என்று வற்புறுத்துகிறார்கள். இரண்டும் வேண்டாம். நீங்களும் அதே அளவில் உண்ணுங்கள். உணவுக்குப் பின் அவர்களோடு நடந்து வாருங்கள். கண்டிப்பை விட அந்தத் துணை நெடுங்காலம் பயன் தரும்.

கப்பல் ஏற வாய்ப்பில்லாதவர்களுக்கும் இவை பொருந்தும். ஓசூர்த் திருமண மண்டபத்தின் பந்தியிலும், பெங்களூர் விடுதியின் காலை உணவிலும், மொய் எழுதியாயிற்று, வாடகை கொடுத்தாயிற்று என்ற அதே கணக்குதான் தட்டை நிரப்புகிறது. கொடுத்த பணத்திற்கு ஈடு வயிற்றில் இல்லை. கடற்காற்றும், குடும்பத்தாரோடு கழியும் பொழுதும், நிம்மதியான உறக்கமுமே அதன் ஈடு. அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

புறப்படும் முன் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். திரும்பி ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். கூடியிருந்தால் அடுத்த பண்டிகை வரும் முன் அதை இறக்கிவிடுங்கள். அந்தச் சில நூறு கிராம்களை அப்போதே இறக்குவது, பத்தாண்டு கழித்து ஐந்து கிலோவை இறக்குவதைக் காட்டிலும் மிக எளிது.