உருகாத பனிக்கட்டி



வெங்கச்சங்கற்கள் இரண்டை இருட்டில் உரசி, பொறி பறப்பதைப் பார்த்து மகிழாத பிள்ளை உண்டா? குவார்ட்ஸ் எனப்படும் அந்தக் கல்லின் தெளிந்த வகைதான் ஸ்படிகம். ஆங்கிலத்தில் கிரிஸ்டல்.

கிரேக்கச் சொல்லான ‘கிருஸ்டல்லோஸ்’ முதலில் பனிக்கட்டியையே குறித்தது. கடுங்குளிரில் இறுகி, இனி உருகவே வழியில்லாத தண்ணீர்தான் ஸ்படிகம் என்று அன்று நம்பினார்கள். ரோமானிய அறிஞர் பிளினியும் அப்படியே எழுதிவைத்தார். தொட்டால் ஜில்லென்றிருக்கும் கல்லை வேறு எப்படி நினைப்பார்கள்? ஸ்படிக மாலை உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்களே!

கோலார் தங்கவயலை உங்களில் பலர் அறிவீர்கள். கிரேக்கர்கள் பனி என்று நினைத்த அதே குவார்ட்ஸ், அங்கே நிலத்தடியில் நரம்பு நரம்பாக ஓடியது. தங்கம் அதற்குள் இருந்தது. ‘சாம்பியன் ரீஃப்’ என்ற பெயரில் உள்ள ரீஃப், அந்த நரம்புதான். வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதை உடைத்தன. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

உடைத்த கல் சிலிகா தூசியானது. தூசி மூச்சோடு உள்ளே போனது. நுரையீரலை இறுகச் செய்யும் சிலிகோசிஸ் நோய் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம் 1947லேயே பதிவாகியிருக்கிறது. கிரேக்கர்கள் கல்லைப் பனி என்றது தவறு. உருகாது என்றது மட்டும், நம் தொழிலாளர்களின் நெஞ்சுக்குள் உண்மையாகிவிட்டது. இந்த நோயைக் குணப்படுத்த இன்றும் மருந்தில்லை.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தூசி நின்றுவிட்டதா? இன்று அது நம் வாசலுக்கே வருகிறது. சமையல் மேடைக்குக் கிரானைட்டும் தரைக்கு டைல்ஸும் அறுக்கும்போது பறக்கும் வெள்ளைப் புகையிலும் அதே சிலிகாதான் இருக்கிறது. அறுப்பவர் முகத்தில் பெரும்பாலும் ஒரு கைக்குட்டைதான். அது போதாது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் கல் அறுத்தால், தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். நல்ல மாஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கல் நம் வீட்டை அழகாக்கட்டும். அதை அறுப்பவரின் மூச்சும் நம் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்